களாக்காயும் பலாக்காயும்

பொறுத்தார் பூமி ஆள்வார் என்று சொல்லும் அதே வாய்தான், நாளைக்குக் கிடைக்கும் பலாக்காயைவிட இன்றைக்குக் கிடைக்கும் களாக்காய் மேல் என்றும் சொல்கிறது. ஒன்று காத்திரு என்கிறது; மற்றது கைக்கு வந்ததை விடாதே என்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டு பழமொழிகளும் ஒன்றையொன்று வெட்டுவதாகத் தோன்றும். பலாக்காய் நிச்சயம் வரும் என்றால் காத்திருப்பதுதான் புத்தி. வருமா வராதா என்றே தெரியாதபோது களாக்காயைத் தின்றுவிடுவதும் புத்திதான். வீட்டிலும் பள்ளியிலும் மேடையிலும் பொறுமையைப் பற்றி ஓயாமல் பேசுகிறோம். பேசும்போதெல்லாம் அதைக் காத்திருப்பவரின் குணமாக மட்டுமே பார்க்கிறோம். பலாக்காய் தருவதாகச் சொன்னவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவரா என்று கேட்பதில்லை. குழந்தைகளை வைத்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் ஆய்வுகளைக் கூர்ந்து பார்த்தால், அந்தக் கேள்விதான் முதலில் கேட்கப்பட வேண்டியது என்று தெரிகிறது.

அந்த ஆய்வுகளில் பெயர்பெற்றது அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வால்டர் மிஷெல் நடத்தியது. வியன்னாவில் 1930இல் பிறந்து, நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா போன குடும்பத்தின் பிள்ளை அவர். 1960களின் பிற்பகுதியில், பல்கலைக்கழக வளாகத்து மழலையர் பள்ளியில், ஒரு குழந்தையை மேசை முன் உட்காரவைத்தார்கள். தட்டில் பஞ்சுபோன்ற மார்ஷ்மெல்லோ மிட்டாய் போன்ற ஒரு தின்பண்டம். “நான் திரும்பி வரும்வரை காத்திருந்தால் இரண்டு கிடைக்கும். முடியாவிட்டால் இந்த மணியை அடி, வந்துவிடுவேன், ஆனால் ஒன்றுதான்.” இவ்வளவுதான் சோதனை. அந்தப் பிள்ளைகள் வளர்ந்த பிறகு, நெடுநேரம் காத்திருந்தவர்கள் கல்லூரி நுழைவுத் தேர்வில் கூடுதல் மதிப்பெண் பெற்றதாக 1990இல் ஒரு கட்டுரை வந்தது. நாலு வயதில் மிட்டாயைத் தொடாத பிள்ளை நாற்பது வயதில் வெல்லும் என்ற செய்தியாக அது உலகம் சுற்றியது. மதிப்பெண் விவரம் கிடைத்தவர்கள் நூறு பேருக்கும் குறைவு என்பதும், பெரும்பாலோர் பேராசிரியர், பட்டதாரிகள் வீட்டுப் பிள்ளைகள் என்பதும் வழியில் உதிர்ந்துபோயின. இன்னொன்றும் உதிர்ந்துபோனது. சோதனைக்கு முன்பே, மணியடித்தால் அந்தப் பெரியவர் உடனே வந்துவிடுவார் என்பதைக் குழந்தைக்குச் செய்தே காட்டியிருந்தார்கள். காத்திருக்கச் சொல்வதற்கு முன்னால் நம்பிக்கையை ஊன்றிவிட்டுத்தான் ஆய்வே தொடங்கியது.

நம்பிக்கையின் பங்கு மிஷெலுக்குத் தெரியாததல்ல. ஸ்டான்ஃபோர்டுக்கு முன்பே, 1950களில், டிரினிடாட் தீவில் பள்ளிப் பிள்ளைகளிடம் அவர் இதைச் சோதித்திருந்தார். இப்போதே சின்ன மிட்டாயா, பிறகு பெரிய மிட்டாயா என்று கேட்டபோது, தந்தை உடன் இல்லாத பிள்ளைகள் இப்போதே என்று சொல்வது கூடுதலாக இருந்தது. வாக்குத் தரும் பெரியவர் மீது அந்தப் பிள்ளைகளுக்குள்ள நம்பிக்கையோடு அவர் இதைத் தொடர்புபடுத்தினார். ஆனால் உலகம் மன உறுதியைப் பிடித்துக்கொண்டது, நம்பிக்கையை விட்டுவிட்டது.

விட்டதை மறுபடி எடுத்தவர் அப்போது ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இருந்த செலஸ்ட் கிட். அவரும் சக ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வு சிறியது. 3 முதல் 5 வயதுவரை உள்ள 28 குழந்தைகள்தான். ஆனால் அதன் அமைப்பு நேரே நெஞ்சில் தைக்கிறது. மிட்டாயைக் காட்டுவதற்கு முன் குழந்தையிடம் பழைய கிரேயான்களைக் கொடுத்து, “கொஞ்சம் பொறு, இதைவிட நல்லது கொண்டுவருகிறேன்” என்று பெரியவர் வெளியே போகிறார். பாதிக் குழந்தைகளுக்குச் சொன்னபடி தட்டு நிறைய வண்ணப் பொருள்கள் வந்தன. மற்றப் பாதிக்கு, “மன்னித்துக்கொள், வேறு இல்லை, இதையே வைத்துக்கொள்” என்ற சொல் மட்டும் வந்தது. ஸ்டிக்கரை வைத்து இதையே இன்னொரு முறை செய்தார்கள். அதன் பிறகுதான் மிட்டாய். வாக்குக் காப்பாற்றப்பட்ட 14 குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் பொறுத்தார்கள். 9 பேர் முழுசாக 15 நிமிடமும் தொடாமல் இருந்தார்கள். ஏமாற்றப்பட்ட 14 பேரின் சராசரி 3 நிமிடம். கடைசிவரை இருந்தது ஒரே ஒரு குழந்தை. பிறந்ததிலிருந்து உருவான குணம் கால் மணி நேரத்தில் மாறிவிடாது. மாறியது அந்தக் குழந்தைகளின் கணக்கு. இவர் சொன்னதைச் செய்யமாட்டார் என்று இரண்டு முறை பார்த்துவிட்ட பிள்ளை மூன்றாம் முறை கையில் இருப்பதைத் தின்கிறது. அதை அவசரக்குடுக்கை என்று திட்டுவது அநியாயம்.

பிறகு வந்த பெரிய ஆய்வு பழைய பெருமையைக் குறைத்தது. டைலர் வாட்ஸும் சக ஆய்வாளர்களும் 2018இல் 900க்கு மேற்பட்ட அமெரிக்கப் பிள்ளைகளின் விவரத்தை எடுத்துப் பார்த்தார்கள். காத்திருப்புக்கும் 15 வயதுக் கல்வித்தேர்ச்சிக்கும் உள்ள தொடர்பு முன்பு சொன்னதில் பாதியளவே இருந்தது. குடும்ப நிலை போன்றவற்றைக் கணக்கில் சேர்த்ததும் அதிலும் மூன்றில் இரண்டு பங்கு கரைந்துபோனது. அதே காலத்தில் கேமரூன் நாட்டின் ன்சோ இன உழவர் வீட்டு நாலு வயதுப் பிள்ளைகளையும் ஜெர்மனியின் நடுத்தர வர்க்கப் பிள்ளைகளையும் ஒப்பிட்ட ஆய்வு வந்தது. ஜெர்மன் பிள்ளைகளில் கடைசிவரை காத்திருந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ன்சோ பிள்ளைகளில் பத்துக்கு ஏழு பேர். சிலர் தின்பண்டத்தை முன்னால் வைத்துக்கொண்டே தூங்கிவிட்டார்கள். செல்வம் இருந்தால்தான் பொறுமை வரும் என்று சொல்ல முடியாதபடி இது தடுக்கிறது. குழந்தை அழுவதற்கு முன்பே தேவையறிந்து பாலூட்டுபவர்கள் ன்சோ தாய்மார்கள். வளர வளர அடக்கத்தையும் கண்டிப்பாக எதிர்பார்ப்பவர்கள். கேட்பதற்கு முன்பே கொடுக்கப்பட்ட பிள்ளைக்குக் காத்திருப்பது பயமாக இல்லை என்றே நான் இதைப் படிக்கிறேன்.

“அதெல்லாம் அந்தக் காலம், இப்போது கைப்பேசியும் பத்து நிமிட டெலிவரியும் பிள்ளைகளைக் கெடுத்துவிட்டன” என்பார்கள். அமெரிக்காவில் பெரியவர்களிடம் கேட்டபோது பெரும்பாலோர் இப்படித்தான் கணித்தார்கள். ஆனால் ஸ்டெஃபனி கார்ல்சன் குழு 2018இல் வெளியிட்ட ஒப்பீட்டில், 2000களின் பிள்ளைகள் 1960களின் பிள்ளைகளைவிடச் சராசரியாக இரண்டு நிமிடம் கூடுதலாகவே காத்திருந்தார்கள். அந்தத் தரவு கைப்பேசி இன்றைய அளவுக்குப் பரவுவதற்கு முந்தியது என்பதை நேர்மையாகச் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் புதுத் தலைமுறைக்குப் பொறுமையே இல்லை என்று அடித்துச் சொல்ல நம்மிடம் ஆதாரம் இல்லை. அப்படியானால் தனிமனித முயற்சிக்கு இடமே இல்லையா என்றும் கேட்கலாம். நிறையவே இருக்கிறது. தின்பண்டத்தை மூடிவைத்தால், மனதை வேறு விளையாட்டில் செலுத்தினால் பிள்ளைகள் பல மடங்கு நேரம் காத்திருந்ததை மிஷெலே காட்டினார். ஆசையோடு மல்லுக்கட்டாமல் அதைக் கண்ணுக்கு மறைவாக வைக்கும் இந்த உத்தி யாரும் கற்றுக்கொள்ளக்கூடியது. ஆனால் மூடியைத் திறக்கும்போது உள்ளே இரண்டு இருக்கும் என்ற நம்பிக்கை இல்லாதவருக்கு எந்த உத்தியும் பயன்படாது.

இது மிட்டாயோடு நிற்கும் சங்கதி இல்லை. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளிடம் நடந்த ஆய்வு 2013இல் வெளியானது. அறுவடைக்கு முன், கையில் காசில்லாமல் அடகும் கடனுமாக இருக்கும் நேரத்தில் ஒரு முறை; கரும்புப் பணம் வந்த பிறகு ஒரு முறை. அதே மனிதர்கள், அதே வகைச் சிந்தனைச் சோதனைகள். பணம் வந்த பிறகு அவர்கள் தெளிவாகவே நன்றாகச் செய்தார்கள். நெருக்கடி அறிவையே பாரமாக அழுத்துகிறது. அந்த நேரத்தில் தொலைநோக்கு இல்லை என்று ஏழையைக் குறைசொல்வது எளிது. கரும்பு விவசாயியைவிடப் பொறுமைசாலி யார்? கரணை நட்டுப் பத்துப் பன்னிரண்டு மாதம் காத்திருக்கிறார். கரும்பு போய்ச் சேர்ந்த 14 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி என்று 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது. ஆனாலும் நிலுவைத் தொகை கேட்டு ஆலை வாசலில் விவசாயிகள் உட்காருவது நமக்குப் பழகிய செய்தியாகிவிட்டது. அடுத்த ஆண்டு அவர் நிலத்தை வேறு பயிருக்கு மாற்றினால், பொறுமை இல்லாமல் போனது அவரிடமா?

நம்பச் சொல்வது ஆபத்தில்லையா என்பது இன்னும் கனமான கேள்வி. அதிக வட்டி ஆசைகாட்டி, முதல் சில மாதம் நாள் தவறாமல் கொடுத்து, பிறகு மொத்தமாகச் சுருட்டிய நிதி நிறுவனங்களைத் தமிழ்நாடு நிறையவே பார்த்திருக்கிறது. 1997இல் முதலீட்டாளர் பாதுகாப்புக்கென்றே தனிச் சட்டம் வந்தது அதனால்தான். நம்பிக்கை கண்ணை மூடிக்கொள்வதாக இருக்கக் கூடாது. ரோச்செஸ்டர் குழந்தைகளும் கண்ணை மூடிக்கொண்டு நம்பவில்லை. பார்த்தார்கள், எடைபோட்டார்கள், பிறகு முடிவெடுத்தார்கள். இங்கே வட்டியின் அளவையும், பணம் எங்கே போகிறது என்பதையும், யார் கண்காணிக்கிறார்கள் என்பதையும் கேட்பது அந்த எடைபோடல். அவ்வளவு வட்டி எப்படிக் கட்டுப்படியாகும் என்று கேட்காமல் பணத்தைக் கொடுப்பது பொறுமையில் சேராது. அதுவும் சீக்கிரம் பெருக வேண்டும் என்ற அவசரம்தான்.

ஆகவே பொறுமையைக் கற்றுத்தர விரும்பும் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஒரு வேண்டுகோள். “அப்புறம் வாங்கித் தருகிறேன்”, “ஊசி வலிக்காதுடா கண்ணு”, “இதோ அஞ்சு நிமிஷத்தில் வந்துவிடுகிறேன்” என்று அந்த நேரத்து அழுகையை நிறுத்துவதற்காகச் சொல்லும் சொற்களைக் குழந்தை மறப்பதில்லை. தர முடியாததைத் தருவதாகச் சொல்லாதீர்கள். வலிக்கும் என்றால் கொஞ்சம் வலிக்கும் என்றே சொல்லுங்கள். “அப்புறம்” என்று சொல்ல நேர்ந்தால் எப்போது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அந்த நேரத்துக்கு வந்து நில்லுங்கள்.