ஈயப் பெட்டியை வெட்டாதீர்கள்

போர் முடிந்தபின் வன்னியில் பழைய இரும்பு பலருக்குப் பிழைப்பாகிவிட்டது. பித்தளைக்காகச் செல்லை வெட்டப்போய்க் கையை இழந்தவர்களை நமக்குத் தெரியும். மிதிவெடிக்கு எச்சரிக்கைப் பலகை உண்டு. வெடிக்காமலே கொல்லும் சாமானுக்கு யார் பலகை நடுவது? மூன்று இதழ் விரிந்த கதிரியக்கக் குறியோடு, அளவுக்கு மீறிக் கனக்கும் சின்னப் பெட்டி கண்ணில் பட்டால் முதல் கணக்கு, உள்ளே எத்தனை கிலோ ஈயம் என்பதுதான்.

1987 செப்டெம்பரில் பிரேசிலின் கோயானியாவில், கைவிடப்பட்ட சிகிச்சை நிலையத்தில் இருவர் இப்படியொன்றைக் கழற்றிப் பழைய இரும்புக் கடைக்கு விற்றார்கள். உள்ளே நூறு கிராமுக்கும் குறைவான சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள். இருட்டில் நீலமாக ஒளிர்ந்ததால் சொந்தக்காரருக்கும் பங்கு போனது. கடைக்காரரின் மனைவிதான் சந்தேகப்பட்டு, மிச்சத்தைப் பையில் போட்டு பஸ்ஸில் சுகாதார அலுவலகத்துக்குக் கொண்டுபோனார். இறந்த நால்வரில் அவரும் ஒருவர். 2010இல் டில்லி மாயாபுரியில் கோபால்ட்-60 ஒரு தொழிலாளியைக் கொன்றது. அது இருந்த கருவியை ஏலத்தில் விற்றது ஒரு பல்கலைக்கழகம்! படித்தவர்களின் லட்சணம் அது.

“மருந்து இருக்கிறதாமே” என்பவர்களுக்கு, அந்த மருந்து வேலை செய்யும் விதத்தை முதலில் விளக்குகிறேன். கிணற்றுநீரின் வன்மையைக் குறைக்கும் பிசின் மணிகள் கல்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகின்றன. இதுவே அயன் பரிமாற்றம். சியோலைட்டு என்ற கனிமம் சீசியத்தை அப்படிப் பிடிக்கும். 2011 அணு உலை விபத்துக்குப் பின் ஜப்பானின் புகுசிமாவில் கழிவுநீரை இந்த முறையிலும் சுத்திகரித்தார்கள். ஆனால் கதிரியக்கம் அழியவில்லை. நீரைவிட்டுச் சியோலைட்டுக்குள் போனது, அவ்வளவே. பிறகு அதையும் கழிவாகக் காவல் காக்கவேண்டும். சீசியம்-137 பாதியாகவே 30 வருடம் செல்லும்.

கோயானியாவில் 46 பேருக்குக் கொடுத்த மருந்தான பிரசியன் நீலமும் அயன் பரிமாற்றுப் பொருள்தான். குடலில் சீசியத்தைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றும். கோபால்ட்டுக்கு உதவாது, எரிகாயத்தையும் ஆற்றாது. சட்டைக்குப் போடும் நீலத்தைக் கரைத்துக் குடித்துவிடாதீர்கள். இதையும் சொல்லித் தொலைக்கவேண்டியிருக்கிறது.

ஆகவே வெட்டாதீர்கள், தூக்காதீர்கள், புதைக்காதீர்கள், குளத்தில் எறியாதீர்கள். குறைந்தது 30 மீற்றர் விலகி, பிள்ளைகளையும் ஆடுமாடுகளையும் அண்டவிடாமல், 119இல் பொலிசுக்கும் 117இல் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கும் சொல்லுங்கள். “எங்கே எடுத்தாய்” என்று கேட்பார்களே எனப் பயந்து ஒளிப்பதுதான் பெரிய ஆபத்து.

பொலிசில் முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். வாக்குமூலம் தமிழில் எழுதப்படுவது உங்கள் உரிமை. விளங்காத மொழியில் கையெழுத்து வைக்காதீர்கள். அன்றே பிரதேச செயலாளருக்கு ஒரு கடிதம்: இடம், நேரம், குறி, தொட்டவர் பெயர். 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின் கீழுள்ள ஒழுங்குமுறைப் பேரவைக்கு அறிவிக்கும்படி அதில் கேளுங்கள். பிரதியில் அலுவலக முத்திரை இல்லாமல் திரும்பாதீர்கள். “நாளைக்கு வாங்கோ” என்றால் பதிவுத் தபால். பதிலே இல்லையென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, பிரதேச செயலகத்திலுள்ள தகவல் அலுவலரிடம், கடிதத்துக்கு என்ன நடந்தது என எழுத்தில் கேளுங்கள். 14 வேலைநாளுக்குள் தருவதா இல்லையா என்று அவர் முடிவு சொல்லியாகவேண்டும்.

ஏற்கெனவே வெட்டிவிட்டால், சாப்பிடாமல், புகைக்காமல், உடுப்பைக் கழற்றிப் பையில் கட்டித் தள்ளி வையுங்கள். கைமுகம் கழுவுங்கள், அந்தத் தண்ணீர் கிணற்றடியில் ஓடக்கூடாது. பிறகு ஆசுபத்திரி. கோயானியாவில் வைத்தியர்களே முதலில் வேறு வருத்தம் என்றுதான் நினைத்தார்கள். எனவே வாந்தி, ஆறாத கொப்புளம் என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், குறி ஒட்டிய பெட்டியை வெட்டினேன் என்பதை முதலில் சொல்லுங்கள். காட்டுவதற்காகக்கூட அந்தச் சாமானைக் கொண்டுபோகாதீர்கள்.