திரையில் கண்ட தமிழைத் தாளில் பதித்தல்

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவர். பள்ளியிலோ தெலுங்கு பயில்வர். அவர்கள் தமிழெழுத்தைக் கையால் எழுதும் அரிய வாய்ப்புகளுள் ஒன்று, வேலூரிலோ ஆர்க்காட்டிலோ இருக்கும் பாட்டிக்கு அனுப்பும் பொங்கல் வாழ்த்தாகும். அத்தகைய பிள்ளை ஒருவன் 1980-களின் கணிப்பொறி ஒன்றில் அவ்வாழ்த்தை அச்சிட முயன்றிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை ஆராய்வோம்.

கணிப்பொறிக் கல்விக்காக மத்திய அரசு 1984-இல் தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தின் வாயிலாக, முதற்கண் 250 பள்ளிகளுக்கு 'பி.பி.சி. மைக்ரோ' என்னும் பொறி வந்தது. இங்கிலாந்தில் 1981-இல் வெளியான வீட்டுக் கணிப்பொறி அது. அதற்குத் தெரிந்தது ஆங்கில எழுத்து மட்டுமே. எனினும், புதிய எழுத்துகளை நாமே வரைந்து கொடுக்க அதில் வழி இருந்தது. எழுத்தொன்றுக்கு எட்டு வரிசை, வரிசைக்கு எட்டுப் புள்ளி. புள்ளிக் கோலம் போடத் தெரிந்தவர்க்கு இது எளிது. ஆனால் மெய்யெழுத்தின் மேற்புள்ளிக்கு ஒரு வரிசையும், இடைவெளிக்கு ஒரு வரிசையும் போனால், எஞ்சிய ஆறு வரிசைக்குள் 'ழ'வின் வாலையும் அடக்க வேண்டும்! தெலுங்கின் நிலை இன்னும் நெருக்கடியானது. அதன் ஒத்துகள் எழுத்துக்குக் கீழே தொங்குபவை.

'பொங்கல் வாழ்த்து' என்பதற்குப் பத்து வடிவங்கள் போதும். கொம்பு, ப, கால், ங், க, ல், வ, ழ், த், து. 'வா'வுக்கும் அதே கால் உதவும். இவற்றிற்கு 225 முதல் 234 வரை எண்கள் கொடுத்தோமெனில், திரையில் வாழ்த்து அழகாகத் தோன்றும். இனி அச்சுப்பொறியை இயக்கும் ஆணையைத் தருவோம். அக்காலத்தில் பரவலாக வழங்கிய எப்சன் எஃப்.எக்ஸ்.80 போன்ற ஊசி அச்சுப்பொறியாயின், தாளில் வருவது: ஏ, பி, சி, டி, இ, எஃப், பிறகு ஜி, சி, எச், ஐ, ஜே. அனைத்தும் சாய்ந்த ஆங்கிலச் சிற்றெழுத்துகள்!

பிழை எங்கே? கணிப்பொறி அச்சுப்பொறிக்கு அனுப்புவது எண்ணை மட்டுமே. நாம் வரைந்த வடிவம் கணிப்பொறியிலேயே தங்கிவிடுகிறது. அச்சுப்பொறியோ தன் அட்டவணையைப் பார்க்கிறது. அதில் 97 என்பது ஆங்கிலச் சிற்றெழுத்து 'ஏ'. அத்துடன் 128 கூட்டிய 225, அதே எழுத்தின் சாய்ந்த உரு.

ஆகவே, எழுத்தை எழுத்தாக அனுப்பாமல், திரை முழுவதையும் படமாகப் பெயர்த்து அனுப்புவதே வழியாயிற்று. திரையில் குறுக்கே 320, நெடுக்கே 256 புள்ளிகள் இருப்பதாகக் கொள்வோம். புள்ளி ஒவ்வொன்றும் ஒளிர்கிறதா, இருண்டிருக்கிறதா என்று பேசிக் மொழியின் 'பாயின்ட்' என்னும் ஆணையால் கேட்டறிய வேண்டும். மொத்தம் 81,920 கேள்விகள். பல நிமிடங்கள் பிடிக்கும். அச்சுத் தலையில் ஊசிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்பதால், எட்டெட்டுப் புள்ளிகளை நெடுக்காகத் திரட்டி, மேற்புள்ளிக்கு 128, அடுத்ததற்கு 64 என இறங்கி, அடிப்புள்ளிக்கு 1 எனக் கூட்டி, ஒரே எண்ணாக்கி அனுப்ப வேண்டும். எழுத்தை வரைந்தபோது குறுக்காக எண்ணினோம். அச்சிடும்போது நெடுக்காக எண்ணுகிறோம். புதியவர் தடுமாறுவது பெரும்பாலும் இவ்விடத்தில்தான்.

இவ்வாறு 32 பட்டைகள் அச்சாகும். வழக்கமான வரியிடைவெளி அங்குலத்தில் ஆறிலொரு பங்கு, அதாவது 72-இல் 12 பங்கு. அதை 8 பங்காகக் குறைக்காவிடில், பட்டைக்குப் பட்டை வெள்ளைக் கோடு விழுந்து, வாழ்த்து சன்னற்கம்பி வழியே பார்ப்பதுபோல் இருக்கும். மற்றொரு தொல்லையும் உண்டு. சாதாரணப் படமுறையில் அங்குலத்திற்குக் குறுக்கே 60 புள்ளி, நெடுக்கே 72 புள்ளி. ஆதலால் படம் ஐந்திலொரு பங்கு அகன்றுவிடும்; திரையில் வட்டமாக இருந்த பொங்கற்பானை தாளில் பூசணிக்காய் ஆகும். குறுக்கேயும் 72 புள்ளி தரும் முறையை அவ்வச்சுப்பொறியில் தேர்ந்துகொண்டால் பானை சரியாகும். சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் போன்ற பொறிகளில் 'காப்பி' என்ற ஒரு சொல்லே திரையைப் பெயர்த்துவிடும்; ஆனால் அதற்கென அமைந்த சிறு அச்சுப்பொறி வேண்டும். திரையின் 24 வரிகளில் மேலுள்ள 22 மட்டுமே அச்சாகும்.

1991-இல் இந்திய மொழிகளுக்கான 'இஸ்கி' குறியீடு இந்தியத் தர நிர்ணயம் ஆயிற்று; அதே ஆண்டில் வெளிவந்த யூனிகோட் முதற்பதிப்பிலும் தமிழ் இடம்பெற்றது. அதன்பின் தமிழெழுத்துக்கு எங்கும் ஒரே எண் என்னும் நிலை மெல்ல வந்தது. இன்று சித்தூரில் தட்டிய 'ழ' வேலூரிலும் 'ழ'வாகவே சேர்கிறது.

எனினும், தமிழ் ஆவணங்கள் படமாகவே வந்து சேர்வது முற்றும் ஒழியவில்லை. மொழிபெயர்ப்புப் பணியில் அத்தகைய தாளொன்றை முன்வைத்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து எழுத்தெழுத்தாக மீண்டும் தட்டச்சிடும்போது, அந்த 32 பட்டைகள் நம் நினைவிற்கு வருவதுண்டு.