ஆராய்ச்சிப் பணத்துக்கு மதிப்பெண் போடுவது யார்?

வேளாண்மை ஆராய்ச்சி என்றதும், அது பல்கலைக்கழகத்தாருக்கும் விவசாயிகளுக்கும் உரிய சங்கதி, கடை வைத்திருப்பவருக்கு அதில் என்ன வேலை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் நாம் விற்கும் அரிசி, பருப்பு, மிளகாய், மஞ்சள், பழம் ஆகியவற்றைப் பாருங்கள். எந்த ரகம் நன்றாக விளைகிறது, எது பூச்சிக்குத் தாங்குகிறது, எது கிடங்கில் கெடாமல் நிற்கிறது என்பதில் பெரும்பகுதி ஏதோ ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வருடக்கணக்கில் நடந்த வேலையின் பலன்தான்.

அந்த வேலைக்குப் பணம் வேண்டும். பெரும்பாலும் அது அரசாங்கத்தின் பணம், அதாவது நம்மைப் போன்றவர்கள் செலுத்தும் வரிப் பணம். கேட்பவர்கள் அதிகம், இருக்கும் தொகை குறைவு. யாருக்குக் கொடுப்பது, யாரைத் திருப்பி அனுப்புவது என்பதை எவ்வாறு முடிவு செய்கிறார்கள்? இந்த முறைகளை விவரமாக எழுத்தில் வெளியிட்டுள்ள ஐரோப்பிய ஒன்றியத்தையும் அமெரிக்காவையும் உதாரணமாகக் கொண்டு இதை விளக்க முற்படுகிறோம். வணிகருக்கும் இதில் ஓர் இடம் உண்டு என்பதே நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது.

டெண்டர் அல்ல

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இது டெண்டர் போன்றதல்ல. டெண்டரில் சரக்கு இன்னதென்று முன்பே தீர்மானமாகிவிடும். பெரும்பாலும் குறைந்த விலை சொன்னவருக்கு வேலை கிடைக்கும். ஆராய்ச்சியிலோ சரக்கு இன்னும் உண்டாகவே இல்லை. ஐந்து வருடம் கழித்து வரப்போகும் ஒன்றுக்கு இன்று முதல் போட வேண்டும். கேட்பவரிடம் இருப்பது ஒரு யோசனையும், அதைச் செய்து முடிக்கும் ஆட்களும்தான். எனவே விலையைப் பார்க்காமல் யோசனையை எடை போடுகிறார்கள். அதற்குத் தராசு கிடையாது. நிபுணர்களின் அபிப்பிராயம்தான் உண்டு. அந்த அபிப்பிராயத்தை ஒழுங்குபடுத்தவே மதிப்பெண் முறை ஏற்பட்டது.

ஐரோப்பாவில் 15 மதிப்பெண்

ஐரோப்பிய ஒன்றியத்தின் 'ஹொரைசன் யூரோப்' என்னும் ஆராய்ச்சித் திட்டம் 2021 முதல் 2027 வரையிலானது. தொடக்கத்தில் அதற்கு ஒதுக்கப்பட்ட மொத்தத் தொகை சுமார் 9,550 கோடி யூரோ. உணவு, வேளாண்மை, இயற்கை வளம், சுற்றுச்சூழல் ஆகியவற்றுக்கு இதில் தனிப் பிரிவு ஒன்று இருக்கிறது.

வருகின்ற விண்ணப்பங்களை மூன்று தலைப்புகளில் பார்க்கிறார்கள். ஒன்று, ஆய்வின் தரம்: கேள்வி சரியானதா, வழிமுறை நம்பத்தக்கதா? இரண்டு, பயன்: வேலை முடிந்தபின் யாருக்கு என்ன மாறும்? மூன்று, நிறைவேற்றும் திறம்: ஆட்கள் தகுதியானவர்களா, வேலைப் பங்கீடு ஒழுங்காக உள்ளதா?

ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். அரை மதிப்பெண்ணும் போடலாம். 5 என்றால் மிகச் சிறப்பு, 4 என்றால் மிக நன்று, 3 என்றால் நன்று, 2 என்றால் சுமார், 1 என்றால் மோசம். கேட்டதற்குப் பதிலே இல்லை அல்லது விவரம் போதவில்லை என்றால் 0. சாதாரணமாக ஒவ்வொரு தலைப்பிலும் குறைந்தது 3, மொத்தத்தில் 15க்குக் குறைந்தது 10 பெற்றால்தான் தேர்ச்சி. இரண்டு தலைப்பில் முழு 5 வாங்கி, மூன்றாவதில் இரண்டரை வாங்கியவர் மொத்தம் பன்னிரண்டரை எடுத்தும் வெளியே நிற்க வேண்டியதுதான்.

சந்தைக்கு அருகில் வந்துவிட்ட புதுமைத் திட்டங்களுக்கு இன்னொரு விதி உண்டு. அவற்றை வரிசைப்படுத்தும்போது 'பயன்' என்ற தலைப்புக்கு ஒன்றரை மடங்கு மதிப்பு கொடுக்கிறார்கள். பொருள் கடைக்கு வரும் நேரம் நெருங்க நெருங்க, பயனே பெரிதாகப் பார்க்கப்படுகிறது.

தனியே எழுதி, பிறகு கூடிப் பேசி

ஒரு விண்ணப்பத்தைக் குறைந்தது மூன்று நிபுணர்கள் தனித்தனியே படித்து, தனித்தனியே காரணமும் மதிப்பெண்ணும் எழுதுவது வழக்கம். விண்ணப்பதாரரோடு உறவோ, கூட்டோ, போட்டியோ உள்ளவர் அந்த விண்ணப்பத்தைத் தொடக்கூடாது.

பிறகு அவர்கள் கூடிப் பேசி ஒரே முடிவுக்கு வருகிறார்கள். மூவரின் மதிப்பெண்ணைக் கூட்டி மூன்றால் வகுப்பதில்லை. ஒருவர் 4, ஒருவர் 3, ஒருவர் 5 போட்டிருந்தால், 'ஏன்?' என்று ஒருவரையொருவர் கேட்டு, எல்லோரும் ஒப்பும் எண்ணையும் காரணத்தையும் எழுதுகிறார்கள். அதன்பின் வேறொரு குழு எல்லா விண்ணப்பங்களையும் ஒப்பிட்டு, எல்லாருக்கும் ஒரே அளவுகோல் பயன்பட்டதா என்று பார்த்து வரிசைப் பட்டியல் தயாரிக்கிறது. பணம் தீரும்வரை மேலிருந்து கீழாகக் கொடுக்கப்படும். தேறாதவருக்கும் காரணம் எழுத்தில் கிடைக்கும்.

இங்கே கறாரான விதி ஒன்று இருக்கிறது. கையில் இருக்கும் விண்ணப்பத்துக்கு மட்டுமே மதிப்பெண். 'கொஞ்சம் திருத்தினால் நன்றாக இருக்கும்' என்று சலுகை காட்டக்கூடாது. பக்க வரம்பைத் தாண்டி எழுதிய பக்கங்கள் நிபுணரின் பார்வைக்கே போகாது. கடைசிப் பக்கத்தில் வைத்த நல்ல சரக்கு யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

அரை மதிப்பெண்ணில் வாழ்வும் தாழ்வும்

இவ்வளவு ஒழுங்கு இருந்தும், தீர்ப்பு தராசு முள் போல நேராக நிற்குமா? நிற்காது. அமெரிக்க மருத்துவ ஆராய்ச்சி விண்ணப்பங்களை வைத்து 2018இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. 25 விண்ணப்பங்களை 43 நிபுணர்கள் மதிப்பிட்டார்கள். ஒரே விண்ணப்பத்தைப் படித்தவர்களுக்குள் மதிப்பெண்ணில் ஒற்றுமை மிகக் குறைவாகவே காணப்பட்டது. துறை வேறானாலும் முறை ஏறக்குறைய இதேதான்.

இதனால் முறையே வீண் என்று ஆகாது. அடியோடு சோடையான விண்ணப்பத்தை எந்தக் குழுவும் கழித்துவிடும். தகராறு வருவது நடுவில்தான். தரத்தில் ஒன்றுக்கொன்று சளைக்காத பத்து விண்ணப்பங்களில் நான்குக்குத்தான் பணம் என்றால், அரை மதிப்பெண் வித்தியாசம் ஒரு பயிரின் எதிர்காலத்தையே தீர்மானித்துவிடலாம். அப்படிப்பட்ட இடத்தில் 'இது யாருக்கு வேண்டும்?' என்ற கேள்விக்கு உருப்படியான பதில் உள்ள விண்ணப்பம் மேலே போகிறது. அந்தப் பதிலைக் கொடுக்கக்கூடியவர் விஞ்ஞானி அல்ல; சரக்கோடு தினமும் பழகுபவர்.

அமெரிக்காவில் தொழில் செய்வோரின் தீர்ப்பு

இதை அமெரிக்கா சட்டமாகவே ஆக்கியது. பழம், காய்கறி, கொட்டைப் பருப்பு வகைகள், தோட்டப் பயிர்கள் ஆகியவற்றின் ஆராய்ச்சிக்கென 2008ஆம் ஆண்டு வேளாண் சட்டத்தில் தனி நிதி ஏற்படுத்தப்பட்டது. 2014ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு இரண்டு பரிசீலனைகளைக் கட்டாயமாக்கியது. ஒன்று, விஞ்ஞானிகள் செய்யும் தரப் பரிசீலனை. மற்றொன்று, அந்தப் பயிர்த் தொழிலின் பிரதிநிதிகள் அமர்ந்து 'இது எங்களுக்குத் தேவையா?' என்று பார்க்கும் பரிசீலனை. அதன்படி, முதலில் சுருக்கமான முன் விண்ணப்பத்தைத் தொழில் செய்வோர் பார்ப்பதும், அதில் தேறியவரிடம் மட்டும் முழு விண்ணப்பம் கேட்பதும் வழக்கமாயிற்று.

அமெரிக்க வேளாண் துறையின் விஞ்ஞானிகள் குழு ஐரோப்பாவைப் போல எண்ணை நம்பி நிற்பதில்லை. நாம் சரக்கை முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரிப்பதுபோல, தலைசிறந்தது, அதிக முன்னுரிமை, நடுத்தர முன்னுரிமை, குறைந்த முன்னுரிமை, நிதி தர வேண்டாம் என்று பிரித்து அடுக்குகிறது.

ஆரஞ்சு சொல்லும் பாடம்

தொழில் செய்வோரின் குரல் ஏன் வேண்டும் என்பதற்கு புளோரிடா மாநிலத்தின் ஆரஞ்சு நல்ல உதாரணம். 2003-04 பருவத்தில் அங்கே 24 கோடிப் பெட்டிக்கும் மேல் ஆரஞ்சு விளைந்தது. சாறு உறிஞ்சும் ஒரு சிறு பூச்சியால் பரவும் 'பசுமையாதல்' என்ற பாக்டீரியா நோய் 2005இல் அங்கு கண்டுபிடிக்கப்பட்டது. மரத்தைக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. 2024-25 பருவத்தில் விளைச்சல் சுமார் 1.2 கோடிப் பெட்டியாகச் சுருங்கிவிட்டது. தோப்புக்காரர் மட்டும் நொடிக்கவில்லை. பேக்கிங் கூடங்களும் சாறு ஆலைகளும் ஒன்றன்பின் ஒன்றாக மூடின.

மேற்படி 2014ஆம் ஆண்டுச் சட்டம், ஆண்டுக்கு 8 கோடி டாலர் ஒதுக்கி, அதில் இரண்டரைக் கோடியை 2018 வரை இந்த நோய் போன்ற எலுமிச்சை இனப் பயிர் நோய்களுக்கென்றே தனியாக எடுத்து வைத்தது. தோப்புக்காரருக்கு இந்தப் பருவத்தில் மரத்தைக் காப்பாற்ற வழி வேண்டும். விஞ்ஞானிக்கு நோயைத் தாங்கும் புது ரகம் உருவாக்கப் பல வருடம் வேண்டும். இரண்டும் நியாயமே. இரு தரப்பும் மதிப்பிடும்போதுதான் இரண்டுக்கும் பங்கு கிடைக்கும். ஆயினும், ஒரே அடியில் நோயை ஒழிக்கும் தீர்வு கிட்டவில்லை என்று அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் குழு 2018இல் அறிக்கை தந்தது. நல்ல மதிப்பெண் நல்ல முயற்சியைத் தேர்ந்தெடுக்கும்; பலனுக்கு ஜாமீன் நிற்காது என்பதையும் மறக்கக்கூடாது.

நம் நாட்டில்

நம் நாட்டிலும் போட்டி முறை புதிதல்ல. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் உலக வங்கியின் உதவியோடு 1998இல் தொடங்கிய தேசிய வேளாண் தொழில்நுட்பத் திட்டத்தில் போட்டி மானியம் ஒரு பகுதி. 2006 முதல் 2014 வரை நடந்த தேசிய வேளாண் புதுமைத் திட்டம், உற்பத்தி முதல் நுகர்வு வரை முழுச் சங்கிலியையும் ஆராயும் கூட்டுக் குழுக்களுக்குப் பணம் கொடுத்தது. தனியார் நிறுவனங்களும் அக்குழுக்களில் இடம்பெற்றன. அந்தச் சங்கிலியில் மண்டியும் கிடங்கும் கடையும் கண்ணிகள் அல்லவா?

கடிதம் கேட்டு வந்தால்

ஆகவே நாம் செய்யக்கூடியது என்ன? விண்ணப்பம் எழுதும் விஞ்ஞானிகள் தொழில் செய்வோரிடம் ஆதரவுக் கடிதம் கேட்பதுண்டு. நம்மில் எவரிடமாவது கேட்டால், 'இது சிறந்த திட்டம், எங்கள் ஆதரவு உண்டு' என்று லெட்டர்பேடில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்திட்டு அனுப்புவதோடு கடமை முடிந்தது என்று எண்ண வேண்டாம். அப்படிப்பட்ட கடிதம் எல்லா விண்ணப்பத்திலும் இருக்கும்; அதனால் யாருக்கும் மதிப்பெண் கூடாது.

கணக்கை எழுதுங்கள். நூறு மூட்டை வந்தால் எத்தனை மூட்டை பூச்சியால் கழிகிறது? எந்த மாதத்தில் அதிகம்? ஈரப்பதம் காரணமாக விலையில் எவ்வளவு தள்ள வேண்டியிருக்கிறது? வாங்குபவர் எந்த ரகத்தைத் திருப்பி அனுப்புகிறார், என்ன காரணம் சொல்கிறார்? ஆராய்ச்சி வெற்றி பெற்றால் அந்தச் சரக்கை நீங்கள் எடுத்துக்கொள்வீர்களா? சோதனைக்குக் கிடங்கில் இடம் தருவீர்களா? சோதனைக்கு நாலு மூட்டை கொடுக்கிறேன் என்று எழுதிய கடிதம், வெறும் பாராட்டுக் கடிதத்தைவிட மதிப்பு மிக்கது.

இந்த விவரங்கள் நம் பேரேட்டில் இருக்கின்றன. ஆராய்ச்சி நிலையத்தில் இல்லை. கழிவுக் கணக்கைத் தனியே எழுதிவைக்காத கடைகள் இந்த ஆண்டு முதலாவது அதற்கு ஒரு பக்கம் ஒதுக்குமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். கேட்டு வரும் நாளில் கையில் கணக்கு இருந்தால், நம் சரக்கின் குறை மதிப்பீட்டுக் குழுவின் மேஜை வரை போய்ச் சேரும்.