கொதிகலனுள் கந்தக நீக்கம்

கொதிகலனுள் கந்தக நீக்கம் என்பது நிலக்கரி, பெட்ரோலியக் கரி போன்ற கந்தகம் கலந்த எரிபொருட்கள் எரியும்போதே, அவற்றிலிருந்து வெளிப்படும் கந்தக டைஆக்சைடைச் சுண்ணாம்புக்கல் அல்லது டோலமைட்டுத் துகள்களைக் கொண்டு திண்மப் பொருளாக மாற்றிப் பிடிக்கும் முறையாகும். கந்தக டைஆக்சைடு மூச்சுக்குழாய்களைத் தாக்குவதோடு அமில மழைக்கும் காரணமாகிறது. இம்முறை பெரும்பாலும் பாய்மப்படுகைக் கொதிகலன்களில் பயன்படுகிறது. இக்கொதிகலன்களில் கீழிருந்து செலுத்தப்படும் காற்று, எரிபொருள், சாம்பல், சுண்ணாம்புக்கல் ஆகியவற்றின் துகள்களை ஒரு நீர்மம் போலப் புரளச் செய்கிறது.

வேதிவினைகள்

வினை இரு படிகளில் நிகழ்கிறது.

1. கால்சியம் கார்பனேட்டு → கால்சியம் ஆக்சைடு + கார்பன் டைஆக்சைடு
2. கால்சியம் ஆக்சைடு + கந்தக டைஆக்சைடு + ஆக்சிசன் → கால்சியம் சல்பேட்டு

முதற்படி, காளவாயில் சுண்ணாம்பு சுடும்போது நிகழும் அதே வினையாகும். இது வெப்பத்தை உட்கொள்கிறது. இரண்டாம் படி வெப்பத்தை வெளிவிடுகிறது.

வெப்பநிலை

இவ்வினைகளுக்கு ஏற்ற வெப்பநிலை ஏறத்தாழ 850 பாகை செல்சியசு ஆகும். இதைவிட மிகக் குறைந்தால் கல் சரிவரச் சிதைவதில்லை. மிகக் கூடினால் சுட்ட சுண்ணாம்பின் நுண்துளைகள் உருகி ஒட்டியது போலச் சுருங்கிவிடும். ஆக்சிசன் குறைந்த பகுதிகளில் உருவான சல்பேட்டும் மீண்டும் சிதைந்து வளிமத்தை வெளிவிடும். தூளாக்கிய நிலக்கரியை எரிக்கும் வழக்கமான உலைகளின் சுடர் இதைவிட மிகவும் வெப்பமானது. எனவே அங்கு இம்முறை குறைந்த பயனையே தருகிறது.

துளைகள் அடைபடுதல்

ஒரு மோல் கால்சியம் கார்பனேட்டின் பருமன் ஏறத்தாழ 37 கன சென்டிமீட்டர். அது சுடப்பட்டு ஆக்சைடாகும்போது 17 ஆகக் குறைவதால் துகளினுள் துளைகள் தோன்றுகின்றன. ஆனால் கால்சியம் சல்பேட்டின் பருமன் 46. அதாவது மூலக் கல்லைவிடவும் மிகுதி. ஆகவே சல்பேட்டு வளர வளரத் துளைகளின் வாய் அடைபட்டு, துகளின் உட்பகுதிச் சுண்ணாம்பு வினைபுரியாமலே நின்றுவிடுகிறது. கோட்பாட்டின்படி 1 கிலோகிராம் கந்தகத்துக்கு 3.1 கிலோகிராம் தூய சுண்ணாம்புக்கல் போதும். நடைமுறையில் அதைப்போல் இரண்டு மடங்கோ அதற்கு மேலோ தேவைப்படுவது இதனாலேயே.

டோலமைட்டு

டோலமைட்டு கால்சியமும் மக்னீசியமும் கலந்த கார்பனேட்டு ஆகும். மக்னீசியப் பகுதி குறைந்த வெப்பநிலையிலேயே சிதைகிறது. அதில் உருவாகும் மக்னீசியம் ஆக்சைடு இவ்வெப்பநிலையில் கந்தகத்தைப் பிடிப்பதில்லை. எனினும் துளைகளைத் திறந்து வைத்து, கால்சியம் கூடுதலாக வினைபுரிய உதவுகிறது. ஆனால் ஒரே அளவு கால்சியத்தைப் பெற 1.8 மடங்கு எடையுள்ள டோலமைட்டு தேவை.

உயரழுத்தப் பாய்மப்படுகைகளில் கார்பன் டைஆக்சைடின் அழுத்தம் மிகுதியாக இருப்பதால் சுண்ணாம்புக்கல் சிதைவதில்லை. அங்கு மக்னீசியப் பகுதி மட்டும் சிதைந்து துளைகளைத் தரும் டோலமைட்டே ஏற்றது. ஐக்கிய அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் 1991 முதல் 1995 வரை இயங்கிய 70 மெகாவாட்டு டிட் செயல்விளக்க நிலையம் டோலமைட்டைப் பயன்படுத்தியது.

நியூக்லா சோதனைகள்

கொலராடோ மாநிலத்தின் நியூக்லா மின்நிலையம், வளிமண்டல அழுத்தத்தில் இயங்கும் சுழல் பாய்மப்படுகையை மின் உற்பத்தியில் பேரளவில் பயன்படுத்திய முன்னோடிகளுள் ஒன்று. 1988 முதல் 1991 வரை அங்கு அமெரிக்க எரிசக்தித் துறையின் திட்டத்தின் கீழ்ச் சோதனைகள் நடத்தப்பட்டன. படுகையின் வெப்பநிலை சுமார் 880 பாகை செல்சியசுக்குக் கீழ் இருந்தபோது கிடைத்த முடிவுகள்:

- கால்சியம்-கந்தக மோல் விகிதம் 1.5: 70% கந்தகம் பிடிக்கப்பட்டது.
- கால்சியம்-கந்தக மோல் விகிதம் 4.0: 95% கந்தகம் பிடிக்கப்பட்டது.

முதல் நிலையில் இடப்பட்ட கால்சியத்தில் ஏறத்தாழ 47% பயன்பட்டது. இரண்டாம் நிலையில் 24% மட்டுமே பயன்பட்டது. கூடுதலாக 25 விழுக்காட்டுப் புள்ளிகள் கந்தகத்தைப் பிடிக்க 2.7 மடங்கு கல் செலவாயிற்று. இந்நிலையம் 2019 இல் மூடப்பட்டது.

நிறைகளும் குறைகளும்

இம்முறைக்குத் தனிக் கழுவுகோபுரமும் நீரும் தேவையில்லை. குறைந்த வெப்பநிலையில் எரிவதால் நைட்ரசன் ஆக்சைடுகளும் குறைவாகவே உருவாகின்றன. ஆயினும் சுடப்படும் ஒவ்வொரு மோல் சுண்ணாம்புக்கல்லும், கந்தகத்தைப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், ஒரு மோல் கார்பன் டைஆக்சைடை வெளிவிடுகிறது. வினைபுரியாத சுட்ட சுண்ணாம்பு கலந்த சாம்பல் பேரளவில் சேர்வதோடு, நீர் பட்டால் சூடேறும் தன்மையும் கொண்டுள்ளது. எனவே இம்முறையில் கந்தகத்தை எவ்வளவு நீக்குவது என்பதை முடிவு செய்யும்போது, கல்லின் செலவு, சாம்பலின் அளவு, கார்பன் டைஆக்சைடு ஆகிய மூன்றையும் சேர்த்தே கணக்கிட வேண்டியுள்ளது.