கடைசி இடத்துலேருந்து கப் வரைக்கும்: சென்னையின் எஃப்சி 2015

கள்ளிக்குப்பத்துலேருந்து பேசுறேன், நடுவுல குக்கர் விசில் கேட்டா கண்டுக்காதீங்க. இன்னிக்கு ஒரே கேள்விதான்: முதல் 10 மேட்ச்ல ஆறு தோத்த டீம், எப்படி சாம்பியன் ஆச்சு?

2015 ஐஎஸ்எல். 8 அணிகள், ஆளுக்கு 14 லீக் ஆட்டம். ஜெயிச்சா 3 புள்ளி, டிரா ஆனா 1. நம்ம கோச் மார்கோ மாட்டராஸி. 2006 உலகக் கோப்பை ஃபைனல்ல ஜிடான் தலையால முட்டினாரே, அந்த ஆளேதான். 10 ஆட்டம் முடிஞ்சப்போ நம்மகிட்ட இருந்தது வெறும் 10 புள்ளி, பட்டியல்ல கடைசி இடம்.

ஆனா முதல் நாலு இடம் பிடிச்சா அரையிறுதி. கடைசி நாலு ஆட்டத்தையும் வரிசையா ஜெயிச்சதுல 22 புள்ளி, மூணாவது இடம். முதலிடத்துல இருந்த கோவாவுக்கு 25. அதாவது ஒரே ஒரு வெற்றிதான் வித்தியாசம். லீக் மட்டும்தான்னா கப் கோவாவுக்குப் போயிருக்கும். அவங்க வயித்தெரிச்சல் நியாயம்தான்!

அப்போதான் டிசம்பர் வெள்ளம். நான் காலேஜ் படிச்சுட்டு இருந்தேன். எங்க தரைத்தள வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி, டிவி போச்சு, அம்மா என் மார்க்‌ஷீட்டை மொட்டை மாடியில காய வெச்சாங்க.

நேரு ஸ்டேடியத்துல நடக்க வேண்டிய அரையிறுதி முதல் ஆட்டம் புனேவுக்குப் போச்சு. சொந்த ஊர் ஆட்டம், சொந்த ஊர் இல்லாம. டிசம்பர் 12, நடப்பு சாம்பியன் கொல்கத்தாவை 3-0ன்னு அடிச்சோம். ரெண்டு ஆட்டத்தோட கோலையும் கூட்டிதான் முடிவு பண்ணுவாங்க. அதனால கொல்கத்தாவுல 2-1ன்னு தோத்தும், மொத்தத்துல 4-2ன்னு தப்பிச்சோம்.

"வெள்ளத்துல தவிச்ச சென்னைக்காக ஆடினாங்க"ன்னு இன்னிக்கும் சொல்வாங்க. எனக்கு அந்த வசனம் கொஞ்சம் ஓவர். கப் வந்ததால எங்க சுவரு காயல. ஆனா டிசம்பர் 20 ஃபைனலை நான் விடல. மாடி வீட்டு மாமா ஹால்ல பத்து பேர்.

எதிர்ல கோவா, அதுவும் அவங்க ஃபதோர்டா மைதானத்துலயே. 87வது நிமிஷம் ஜோஃப்ரே அடிச்சு கோவா 2-1. ரெண்டு பேர் எழுந்து செருப்பு தேட ஆரம்பிச்சுட்டாங்க. 90வது நிமிஷம், கோவா கோல்கீப்பர் கட்டிமணி மேல பட்டே பந்து உள்ள போச்சு. 2-2. இன்ஜுரி டைம்ல, அந்த சீசன்ல 13 கோல் அடிச்ச மெண்டோசா. 3-2.

செருப்பு தேடினவங்க கடைசி கோலை வாசல்லேருந்துதான் பார்த்தாங்க. ஒருத்தன் கால்ல ஒரு செருப்புதான் இருந்துச்சு.