டேப்லெட் போதுமா, லேப்டாப்தான் வேண்டுமா?

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தை அன்றைய முதல்வர் ஜெயலலிதா திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கிவைத்தார். இருபதே நாளில், அக்டோபர் 5-ம் தேதி, டெல்லியில் மத்திய அமைச்சர் கபில் சிபல் 'ஆகாஷ்' டேப்லெட்டை வெளியிட்டார். மாணவர் கையில் ஒரு கணினி இருக்க வேண்டும் என்பதுதான் இரண்டு அரசுகளின் எண்ணமும். சென்னை லேப்டாப்பை நம்பியது, டெல்லி டேப்லெட்டை நம்பியது. ஏழு அங்குலத் திரையும் 256 எம்பி நினைவகமுமாக வந்த ஆகாஷ், அழுத்தித் தொட்டால்தான் அசைந்தது. பேட்டரி மூன்று மணி நேரம் தாங்கினாலே அதிகம். சில ஆண்டுகளில் அந்தத் திட்டம் ஓய்ந்துபோனது. இங்கே கொடுத்த லேப்டாப்போ பல வீடுகளில் அக்கா படித்து, பிறகு தம்பி படித்து, பேட்டரி செத்த பின்னும் ஒயரைச் செருகியே ஓட்டும் அளவுக்கு உழைத்தது.

அதே கேள்வி 2025 மார்ச்சில் தமிழக பட்ஜெட்டில் மறுபடி வந்தது. இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு, அவரவர் விருப்பப்படி கைக்கணினியோ மடிக்கணினியோ வழங்கப்படும் என்பது அறிவிப்பு. பிறகு தமிழக அரசு நிறுவனமான எல்காட் டெண்டர் கோரியது லேப்டாப்புக்குத்தான். அது சரியான முடிவு என்பேன். ஆனால் அதற்கான காரணம், பலரும் நினைப்பதுபோல டேப்லெட்டுக்கு வேகம் போதாது என்பதல்ல.

வேகத்தில் இன்றைய டேப்லெட்டைக் குறை சொல்ல முடியாது. 2020-ல் தன் லேப்டாப்புகளில் பொருத்திய எம்1 சிப்பை, ஆப்பிள் அடுத்த ஆண்டே ஐபேட் புரோவிலும் வைத்தது. இரண்டுக்கும் ஒரே மூளை. அப்படியிருந்தும் ஒன்றில் சட்டென முடிகிற வேலை மற்றொன்றில் இழுத்தடிக்கிறது. கோளாறு சிப்பில் இல்லை, இயங்குதளம் கட்டப்பட்ட விதத்தில் இருக்கிறது.

கம்ப்யூட்டர் ஒரு பெரிய கூடம் மாதிரி. கோப்புகள் நடுவில் கிடக்கும், எந்த மென்பொருளும் வந்து எடுத்துத் திருத்திவிட்டு அங்கேயே வைத்துவிட்டுப் போகும். டேப்லெட்டில் ஒவ்வொரு செயலியும் தனித்தனிப் பூட்டுப் போட்ட அறை. ஓர் அறையில் இருப்பதை இன்னொரு அறைக்குக் கொண்டுபோக, 'ஷேர்' பொத்தானை அழுத்தி அனுமதி வாங்க வேண்டும். இதை வெறும் குறையாகச் சொல்லிவிட முடியாது. டேப்லெட்டில் வைரஸ் தொல்லை குறைவாக இருப்பதற்கு இந்தப் பூட்டும் ஒரு முக்கியக் காரணம். பேட்டரி நாள் முழுக்க நிற்பதற்கும் இதே மாதிரி ஒரு கட்டுப்பாடுதான் காரணம். நாம் பார்க்காத செயலியை டேப்லெட் தூங்க வைத்துவிடும். பெரிய வீடியோவை ஏற்றிக்கொண்டிருக்கும்போது வாட்ஸ்அப்புக்குப் போய்விட்டுத் திரும்பினால், ஏற்றம் பாதியில் நிற்பது அதனால்தான்.

இந்தப் பூட்டின் கஷ்டத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். போன வருடம் என் அக்கா மகள் ஒரு போட்டித் தேர்வுக்கு டேப்பில் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தாள். புகைப்படம் 20 முதல் 50 கேபிக்குள் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. டேப்பில் எடுத்த படமோ 3 எம்பி. "சைஸ் கூட இருக்குனு சொல்லுது மாமா" என்றாள். படத்தைச் சுருக்க ஒரு செயலியை இறக்கினாள். விளம்பரம் மூன்று முறை குறுக்கே வந்தது. சுருக்கிய படம் எந்த அறையில் போய் உட்கார்ந்தது என்று தேடிக் கண்டுபிடிப்பதற்குள் இணையதளம் நேரம் முடிந்துவிட்டதாகச் சொல்லி வெளியே தள்ளியது. மறுபடி ஓடிபி, மறுபடி முதலிலிருந்து. கடைசியில் என் பழைய லேப்டாப்பைத் திறந்து, பெயிண்ட்டில் படத்தைச் சுருக்கி, பத்து நிமிடத்தில் முடித்தோம். அவளுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். அந்த விண்ணப்பம் மவுஸை மனதில் வைத்துக் கட்டப்பட்டது, அவள் கையில் இருந்தது டேப்.

மவுஸ் என்றதும் விரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். விரல் நுனி திரையில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இடத்தை மறைக்கும். மவுஸின் அம்பு முனை ஒரே ஒரு புள்ளி. அதனால் தொடுதிரைக்குச் செய்யும் செயலிகளில் பொத்தான்கள் பெரிதாக இருந்தாக வேண்டும். பொத்தான் பெரிதானால் திரையில் விவரத்துக்கு இடம் குறையும். எக்செல்லில் நாற்பது வரியை ஒரே பார்வையில் பார்த்துப் பழகிய கணக்காளருக்கு டேப்பில் மூச்சு முட்டுவது இதனால்தான். கீபோர்டும் திரையிலேயே எழும்பி வந்தால் பாதித் திரை அதற்கே போய்விடும்.

2010-ல் ஐபேட் வந்த சில மாதங்களில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஓர் உவமை சொன்னார். கம்ப்யூட்டர்கள் இனி லாரிகளைப் போல ஆகும், தேவைப்படுபவர்கள் மட்டும் வைத்திருப்பார்கள், மற்றவர்களுக்குக் கார் போதும் என்பது அதன் சாரம். 2015-ல் அன்றைய ஆப்பிள் தலைவர் டிம் குக் இன்னும் ஒரு படி மேலே போய், இனி யாராவது ஏன் பிசி வாங்க வேண்டும் என்று கேட்டார். பிறகு நடந்ததைப் பாருங்கள். கோப்புகளை அடுக்கி வைக்க ஐபேடில் தனிச் செயலி வந்தது 2017-ல். பென் டிரைவைச் செருகிப் படிக்க முடிந்தது 2019-ல். டிராக்பேடும் முறையான அம்புக்குறியும் 2020-ல். சாளரங்களை இஷ்டப்படி இழுத்து, சுருக்கி, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துக்கொள்ளும் வசதியும், மேலே மெனு பட்டியும் 2025-ல். கம்ப்யூட்டரின் இடத்தைப் பிடிக்க வந்த கருவி, பதினைந்து வருடமாகக் கம்ப்யூட்டரிடம் ஒவ்வொன்றாகக் கடன் வாங்கிக்கொண்டிருக்கிறது.

தமிழில் வேலை பார்ப்பவர்களுக்கு இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகை வந்தது. 2010-ல் யூனிகோடை ஏற்று அரசாணையும் வந்தது. இருந்தும் நம் ஊர் டிடிபி கடைகளிலும் அச்சகங்களிலும் இன்றைக்கும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களே ஓடிக்கொண்டிருக்கின்றன. பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால், கணினி உள்ளே சேமித்து வைப்பது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும்தான். பாமினி எழுத்துரு அவற்றின்மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. அந்த எழுத்துரு இல்லாத டேப்பில் கோப்பைத் திறந்தால் போர்வை விலகிவிடும். சென்ற ஆண்டு லேப்டாப்பைச் சர்வீஸுக்குக் கொடுத்துவிட்டு இரண்டு வாரம் டேப்பை வைத்தே ஓட்டினேன். அச்சகத்திலிருந்து பிழை திருத்தத்துக்கு வந்த பன்னிரண்டு பக்கமும் இப்படித்தான் திறந்தது, ஒரு தமிழ் எழுத்துகூட இல்லாமல். கம்ப்யூட்டரில் எழுத்துருவை நிறுவ அரை நிமிடம். டேப்பில் அதற்கொரு செயலி தேடி, அது அந்த வேர்டு கோப்பில் வேலை செய்யாமல் போய், கடைசியில் பிடிஎஃப் அனுப்பச் சொல்லி, பிரின்ட் எடுத்து, பேனாவால் திருத்தினேன்.

கணக்கு வேலைக்கும் இதே கதைதான். நம் ஊர்க் கடைகளின் கணக்கைச் சுமக்கும் டேலி, விண்டோஸுக்கென்றே எழுதப்பட்ட மென்பொருள். நிறுவனங்களின் படிவங்களைத் தாக்கல் செய்யவும், இ-டெண்டரில் விலைப்புள்ளி போடவும் டிஜிட்டல் கையொப்பம் வேண்டும். அது பென் டிரைவ் மாதிரி ஒரு சின்ன டோக்கனில் இருக்கும். அதைச் செருகினால் மட்டும் போதாது, அதற்கான டிரைவரைக் கம்ப்யூட்டரில் நிறுவ வேண்டும். ஆடிட்டர் அலுவலகங்களின் மேஜையில் இந்த டோக்கன்கள் கட்சிக்காரர் பெயர் எழுதிய ஸ்டிக்கரோடு டப்பா நிறையக் கிடக்கும். டேப்லெட் அந்த டப்பா பக்கம் இன்னும் வரவில்லை.

அப்படியானால் டேப்லெட் வீணா? இல்லவே இல்லை. அது எங்கே ஜெயித்தது என்று பார்த்தால் விஷயம் தெளிவாகும். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள் வரைபடங்களும் கையேடுகளுமாக ஏறக்குறைய 16 கிலோ எடையுள்ள பையைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறுவார்கள். 2013-ல் அந்தப் பையின் இடத்துக்கு ஓர் ஐபேட் வந்தது. டேப்லெட் அங்கே இடம்பிடித்தது கம்ப்யூட்டரின் இடத்தில் இல்லை, காகிதத்தின் இடத்தில். ஆயிரம் பக்க வழக்குக் கட்டைப் புரட்டும் வழக்கறிஞர், பேனாவால் கோடு இழுக்கும் ஓவியர், வகுப்பில் நடந்துகொண்டே குழந்தைகளின் மதிப்பெண்ணைப் பதியும் தொடக்கப் பள்ளி ஆசிரியர் என்று, முன்பு காகிதம் இருந்த கைகளிலெல்லாம் இன்று டேப் அழகாகப் பொருந்துகிறது. சிம் போட்டுக்கொள்ளலாம், மின்வெட்டில் கவலையில்லை.

வீட்டுப் பெரியவர்களுக்கு இதைவிட நல்ல கருவி இல்லை என்றே சொல்வேன். எழுத்தைப் பெரிதாக்கி நாளிதழ் படிக்கலாம், வெளிநாட்டில் இருக்கும் பேரப்பிள்ளையைப் பெரிய முகமாகப் பார்க்கலாம். 2017-ல் கூகுள் தமிழில் குரல்வழித் தட்டச்சைக் கொண்டுவந்த பிறகு, கீபோர்டைப் பார்த்தாலே பயந்தவர்களும் பேசியே கடிதம் எழுதுகிறார்கள். என் அம்மா அப்படித்தான் எழுதுகிறார். பிழை திருத்துவது மட்டும் நான்.

கீபோர்டு மாட்டிக்கொண்டால் டேப்லெட் லேப்டாப் ஆகிவிடும் என்று கடையில் சொல்வார்கள். ஆகாது. கீபோர்டு தட்டச்சுக் கஷ்டத்தைத் தீர்க்கும், அறைகளின் பூட்டைத் திறக்காது. மேலும் டேப், கீபோர்டு, பேனா மூன்றையும் சேர்த்து விலை போட்டால் நல்ல லேப்டாப் ஒன்றின் விலைக்கு வந்து நிற்கும். மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் போல விண்டோஸ் ஓடும் டேப்லெட்டுகளில் பாமினியும் டேலியும் ஓடும்தான். ஆனால் அவை டேப்லெட் உருவத்தில் இருக்கும் கம்ப்யூட்டர்கள், விலையும் அப்படியே.

வீட்டில் ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும், படிக்கிற பிள்ளை இருக்கிறது என்றால் லேப்டாப் வாங்குங்கள். கல்லூரி புராஜெக்ட், நிரல் எழுதும் பயிற்சி, வேலைக்கான விண்ணப்பம் எல்லாம் அதில்தான் தடையில்லாமல் நடக்கும். ஏற்கெனவே ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது, படிக்கவும் பார்க்கவும் பேசவும் இன்னொன்று வேண்டும் என்றால் தாராளமாக டேப் வாங்கலாம். எதை வாங்கினாலும், நீங்கள் அன்றாடம் திறக்கிற கோப்பு ஒன்றைப் பென் டிரைவில் போட்டுக் கடைக்கு எடுத்துப்போங்கள். அங்கேயே திறந்து, ஒரு வரி திருத்தி, சேமித்துப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.