இரவு தங்க எந்த இடம்?



பள்ளி விடுமுறை வந்துவிட்டால், "பினாங்குக்குப் போவோமா?" என்ற பேச்சு தோட்டத்து வீடுகளில் எழும். நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு வேனை அமர்த்திக்கொள்வோம். ஃபெரியில் இப்போது வேன் ஏற்றுவதில்லை. 1985இல் திறக்கப்பட்ட பாலத்தின் வழியாகப் போகலாம். பாலத்தைக் கடந்து வடக்கே திரும்பினால் ஜெலுத்தோங். அங்கே உறவினர் வீடு இருந்தால் ஒரு வேளைச் சோறும் படுக்கப் பாயும் கிடைக்கும். ஆனால் பிள்ளைகள் விரும்புவது கடற்கரையும் கூடாரமும்தான். இக்காலத்தில் படுக்கையும் அடுப்பும் பொருத்திய வீட்டு வண்டிகளும் வந்துவிட்டன. எதில் போனாலும், இரவு எங்கே தங்குவது என்பதுதான் முதற் கேள்வி.

பகலில் பார்க்க நல்ல இடம் வேறு. இரவில் உறங்க நல்ல இடம் வேறு. விழித்திருப்பவன் ஆபத்தைக் கண்டு ஓடலாம். உறங்குபவனால் முடியுமா? ஆகவே, வெளிச்சம் இருக்கும்போதே இடத்துக்குப் போய்ச் சேர்ந்து, நான்கு பக்கமும் சுற்றிப் பார்க்க வேண்டும்.

முதலில் மேட்டைப் பாருங்கள். 2022 டிசம்பர் 16ஆம் நாள் பின்னிரவில், சிலாங்கூர் பத்தாங் காலியில் ஒரு முகாமின்மேல் மலைச்சரிவு இடிந்து விழுந்தது. அங்கிருந்த 92 பேரில் 31 பேர் மாண்டனர். அவர்களுள் பிள்ளைகளும் இருந்தனர். பல நாள் பெய்த மழை மண்ணில் ஊறியிருந்தது. அந்த இடத்தில் முகாம் நடத்த உரிமம் இல்லை என்று அதிகாரிகள் பின்னர் தெரிவித்தார்கள். நீர் குடித்த மண் கனக்கும், பிடிப்பை இழக்கும். மழை நாளில் தோட்டத்து மேடுகள் கரைவதைப் பார்த்த நமக்கு இது புதிதன்று. சரிவில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், கலங்கல் நீர் கசிவது ஆகியவற்றைக் கண்டால் அதன் அடியில் தங்க வேண்டாம். உரிமம் உண்டா என்று கேட்கவும் கூச்சப்பட வேண்டாம்.

அடுத்தது ஓடை. தெலுக் பகாங் பக்கத்து ஓடைகள் மலையிலிருந்து வருபவை. நம் தலைக்குமேல் வானம் வெளுத்திருக்கும்; மலையுச்சியிலோ மழை கொட்டும். அந்த நீர் திடீரென்று ஒரே பாய்ச்சலாக இறங்கும். மலாய்க்காரர்கள் இதைக் 'கெப்பாலா ஆயர்' என்பார்கள். 2021 ஆகஸ்டில் கெடா ஜெராய் மலையில் இப்படி வந்த வெள்ளம் உயிர்களைக் கொண்டுபோயிற்று. கரைப் புதர்களில் எந்த உயரத்தில் சருகும் குச்சியும் சிக்கியிருக்கின்றன என்று பாருங்கள். முன்பு வெள்ளம் வந்த அளவு அதுதான். அதற்கும் மேலேயே தங்க வேண்டும். தெளிந்த நீர் கலங்கி, இலைகள் மிதந்து வந்தால் பாத்திரம் பண்டங்களைப் பார்க்காமல் மேட்டுக்கு ஓடுங்கள்.

கடற்கரையிலும் இதே கணக்குத்தான். குப்பை ஒதுங்கிய கோடு பெருக்குநீர் ஏறிய இடம். கூடாரம் அதற்கு நன்றாக உள்ளே தள்ளி இருக்கட்டும். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, ஆழிப்பேரலையில் பினாங்கில் மட்டும் 52 பேர் இறந்தார்கள். கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினால் வேடிக்கை பார்க்க நிற்கக் கூடாது.

தலைக்கு மேலும் பாருங்கள். காற்றில் ரப்பர்க் கிளை முறியும் ஓசை பால் வெட்டியவர்களுக்குத் தெரியும். காய்ந்த கிளைக்கும் தென்னைக்கும் அடியில் பாய் விரிக்க வேண்டாம்.

வேனுக்குள் உறங்குபவர்கள் குளிர்சாதனத்துக்காக என்ஜினை ஓடவிடக் கூடாது. கூடாரத்துக்குள் கரியடுப்பும் ஆகாது. அவற்றிலிருந்து வரும் நச்சு வாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை; உறக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.

கடைசியாக, நாம் தங்குமிடம் பிறருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெலுக் பகாங்கில் உள்ள தேசியப் பூங்காவின் கடற்கரைகளுக்கு வேன் போகாது. நடந்தோ படகிலோதான் போகலாம். வாயிலில் உள்ள அலுவலகத்தில் அனுமதி கேட்டுப் பெயரைப் பதிந்துவிட்டே போக வேண்டும். ஜெலுத்தோங் உறவினரிடமும் இடத்தின் பெயரையும் திரும்பும் நேரத்தையும் சொல்லுங்கள். அவசர உதவிக்கு 999 என்ற எண்ணைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

செப்டம்பர் முதல் நவம்பர் வரை பினாங்கில் மழை மிகுதி. போன இடத்தில் வானம் கறுத்தால், "காசு கட்டிவிட்டோமே" என்று பார்க்காதீர்கள். கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு ஜெலுத்தோங் வீட்டுக் கூடத்திலேயே பாயை விரியுங்கள். பிள்ளைகள் முகம் சற்று வாடும். விடிந்ததும் கடற்கரைக்கு அழைத்துப் போனால் அந்த வாட்டம் தீர்ந்துவிடும்.